மடிப்புக் கலையாமல் டில்லிக்கு!

கல்யாணத்துக்கோ, பட்டமளிப்பு விழாவுக்கோ, உத்தியோகப் பேட்டிக்கோ வெளியூர் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கஷ்டம் பொதுவானது. புறப்படுகிற அன்று இஸ்திரி போட்டு, கத்தி மாதிரி மடிப்போடு பெட்டியில் வைத்த சட்டை, போய்ச் சேர்ந்த ஊரில் பெட்டியைத் திறந்ததும் வேறு யாருடைய சட்டையோ போல இருக்கும். காலர் ஒரு பக்கமாகப் படுத்துக் கிடக்கும். முதுகில் கங்கையும் யமுனையும் கிளை நதிகளோடு ஓடும். பட்டுப் புடைவையின் கதி இன்னும் மோசம். "வழியில் யாராவது பெட்டியைத் திறந்து உடுத்திப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார்களா?" என்றுகூடச் சந்தேகம் வரும்.

இதற்குப் பரிகாரம் இருக்கிறது. ஆனால் அதை வெறும் பாடமாகச் சொன்னால் உங்களுக்குச் சலிப்புத் தட்டும். ஆகையால், நேயர்களே, உங்களைக் கூடவே டில்லிக்கு அழைத்துப் போகிறேன். டிக்கெட் செலவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பெட்டியை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள், அது போதும்.

ஒரே ஒரு கோட்டு

சென்ற பிப்ரவரியில் என் அக்காள் மகனுக்கு டில்லியிலிருந்து அழைப்பு வந்தது. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வில் முதல்நிலை, முதன்மை என்ற இரண்டு மலைகளையும் ஏறி இறங்கியவர்களுக்கு மூன்றாவதாக வருவது நேர்முகத் தேர்வு. எழுத்துத் தேர்வுக்கு 1,750 மதிப்பெண், நேர்முகத்துக்கு 275, ஆக மொத்தம் 2,025. அந்த 275-க்காகக் காசுமீரத்துப் பையனும் கன்னியாகுமரிப் பெண்ணும் டில்லி ஷாஜஹான் சாலையில் இருக்கும் தோல்பூர் மாளிகைக்கு வந்தாக வேண்டும்.

பையன் மூன்று தடவை எழுதித் தோற்றவன். நாலாவது தடவை இவ்வளவு தூரம் வந்திருக்கிறான். அத்தான் காலமான பிறகு அங்கன்வாடிச் சம்பளத்தில் அவனை வளர்த்தவள் என் அக்காள். செய்தி வந்ததும் சீட்டுப் பணத்தை எடுத்துக் கோவில்பட்டியிலேயே கருநீலத்தில் ஒரு கோட்டும் கால்சட்டையும் தைக்கக் கொடுத்துவிட்டாள். அளவெல்லாம் பொங்கலுக்குப் போயிருந்தபோது எடுத்தது.

அந்தக் கோட்டை அவள் சென்னைக்குக் கொண்டு வந்த விதம் இருக்கிறதே, அது தனிக் கதை! பெட்டியில் வைத்தால் கசங்கிவிடும் என்று இரவு முழுவதும் கைக்குழந்தை மாதிரி மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் அணைத்தபடியே ரயிலில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். காலையில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது கோட்டின் இடது பக்கம் முழுவதும் சுருக்கம். அவள் கை எங்கெங்கே பட்டதோ அங்கெல்லாம் அச்சு விழுந்திருந்தது.

"ஐயோ! உசிரைக் கொடுத்துப் பார்த்துக்கிட்டேனேடா!" என்று அவள் கண் கலங்கினாள். வேறு கோட்டு கிடையாது; வேறொன்று தைக்க நாளும் கிடையாது, பணமும் கிடையாது.

இஸ்திரி வண்டியில் கற்ற பாடம்

எங்கள் தெரு முனையில் வேப்ப மரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கிறது. நாற்பது வருஷமாகக் கரிப்பெட்டி பிடித்த பெரியவர் அதன் சொந்தக்காரர். கோட்டை அவரிடம் கொண்டு போனேன். அவர் பெட்டியைத் தொடவே இல்லை. துணியை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தார்.

"கம்பளி கலந்தது சார். இதுக்குப் பொட்டி வேணாம். நல்ல தடியான ஹேங்கர்லே மாட்டி, குளிக்கிற ரூம்லே ஆவி அடிக்க விடுங்க. ராத்திரி காத்தாட விட்டுட்டுக் காலையிலே பாருங்க" என்றார்.

"மாட்டினால் போதுமா? சுருக்கம் போய்விடுமா?" என்று கேட்டேன்.

"ஆடு நனையுது, காயுது, அது மயிர் கசங்கியா கெடக்கு?" என்று திருப்பிக் கேட்டார் பெரியவர்.

மறுநாள் காலையில் சுருக்கம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. மீதி இருந்த இடத்தில் ஈரத் துணியை மேலே போட்டு லேசாக ஒத்தி எடுத்துக் கொடுத்தார். கூடவே சட்டைகளையும் தேய்த்துவிட்டு, "உடனே மடிச்சுப் பொட்டியிலே வெக்காதீங்க. சூடு ஆறணும், ஈரம் போவணும். அவசரத்திலே மடிச்சா, நான் தேய்ச்சது பாதி, நீங்க தேய்ச்சது பாதின்னு ஆயிரும்" என்று எச்சரித்தும் அனுப்பினார்.

பெரியவர் சொன்னதற்கு ரசாயனத்தில் விளக்கம் இருக்கிறது. பருத்தி நூலுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நீண்ட சங்கிலிகள் கோடானுகோடி. அவை ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் மெல்லிய கைகளால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஈரமும் சூடும் பட்டால் பிடி தளரும். காய்ந்து ஆறியதும், எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் மறுபடி பிடித்துக்கொள்ளும். தண்ணீர் தெளித்து, சூடான பெட்டியால் அழுத்தினால் நேராகப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு இஸ்திரி என்று பெயர். வேர்வை ஈரத்தில், உடம்புச் சூட்டில், கோணலாக அழுத்தினால் கோணலாகப் பிடித்துக்கொள்கிறது. அதற்குக் கசங்கல் என்று பெயர். வேலை ஒன்றேதான்! அக்காளின் அணைப்புக்குள் ஈரம், சூடு, அழுத்தம் மூன்றும் சேர்ந்து இருந்தன. பிள்ளைக்கு நல்லது, கோட்டுக்கு ஆகாது.

எந்தத் துணி எவ்வளவு ஈரம் குடிக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போது, 100 கிராம் உலர்ந்த பருத்தி சுமார் 8 கிராம் நீரை வாங்கி வைத்துக்கொள்ளும். பட்டு 11 கிராம், கம்பளி 16 கிராம். பாலியெஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. கம்பளி இவ்வளவு குடித்தும் ஏன் கெட்டுப் போவதில்லை என்றால், அதன் இழை இயற்கையிலேயே சுருள் கம்பி போன்றது; வளைத்து விட்டால் திரும்பி வரும். பாலியெஸ்டர் ஈரத்துக்கு மசியாது. 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்ஸன் என்ற இருவர் கண்டுபிடித்த இந்த இழைதான் 'டெரிலின்' என்ற பெயரில் நம் ஊர்க் கடைகளுக்கு வந்து, பருத்தியோடு கலந்து 'டெரிகாட்' ஆகி, ஒரு தலைமுறையையே இஸ்திரிக் கவலையிலிருந்து காப்பாற்றியது.

பருத்திக்கே கசங்காத குணம் வரச் செய்த பெருமையில் பெரும் பங்கு ஓர் அம்மையாருக்கு உரியது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் அரசு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்த ரூத் பெனரிட்டோ, பருத்தியின் சங்கிலிகளுக்கு நடுவே ரசாயனப் பாலம் போட்டுக் கட்டும் முறையை வளர்த்தார். 2013-ல் தமது 97-வது வயதில் அவர் காலமானார். இன்று கடையில் 'சுருங்காத சட்டை' என்று வாங்குகிறோமே, அதன் பின்னால் இருப்பது இந்தப் பாலம் போடும் தந்திரம். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு: பாலம் போட்ட துணியின் வலு கொஞ்சம் குறையும்.

ஆகவே பிரயாணத்துக்கு உடை வாங்கப் போகிறவர்கள் துணியைப் பார்த்து வாங்க வேண்டும். கோட்டுக்குக் கம்பளி அல்லது கம்பளி கலந்தது. சட்டைக்குப் பாலியெஸ்டர் கொஞ்சம் கலந்த பருத்தி. அழகான லினனும், மொட மொடவென்று கஞ்சி போட்ட கைத்தறியும் உள்ளூர் வைபவங்களுக்கு இருக்கட்டும். கஞ்சித் துணியில் ஒரு கோடு விழுந்தால் விழுந்ததுதான்.

பெட்டி கட்டும் படலம்

புறப்படுகிற நாளுக்கு முதல் நாளே இஸ்திரியை முடித்துவிட்டோம். துணிகள் இரவு முழுவதும் கொடியில் ஆறின. மறுநாள் மாலை, தரையில் பாயை விரித்து, பெட்டி கட்ட உட்கார்ந்தோம். நீங்களும் உட்காருங்கள்.

முதலில் பூட்ஸ். துணிப் பையில் போட்டு, சக்கரம் இருக்கும் பக்கத்தில் வைக்க வேண்டும். பெட்டியை நிமிர்த்தி இழுக்கும்போது கனம் கீழேயே நிற்கும்; சட்டைகளின் தலையில் வந்து விழாது. பூட்ஸுக்குள்ளேயே காலுறைகளைத் திணித்துவிட்டால் இடமும் மிச்சம், பூட்ஸும் நசுங்காது.

அடுத்தது கால்சட்டை. மடிப்புக்கோடு பிசகாமல் நீளவாக்கில் சேர்த்து, இடுப்புப் பாதியைப் பெட்டிக்குள்ளும் கால் பாதியைப் பெட்டிக்கு வெளியே தொங்குமாறும் போடுங்கள். மற்றத் துணிகளை எல்லாம் அதன் மேல் அடுக்கிய பிறகு, தொங்கும் கால்களை எடுத்து மேலே போர்த்துங்கள். கால்சட்டைக்கு மடிப்பு விழ வேண்டிய முழங்காலில் இப்போது ஒரு மெத்தை இருக்கிறது. கூர்மையாக மடிந்தால் கோடு விழும். உருண்டையாக வளைந்தால் விழாது. பெட்டி கட்டும் சாஸ்திரம் முழுவதுக்கும் இதுதான் மூல மந்திரம்.

சட்டையைப் பொத்தான் போட்டுக் குப்புறப் போடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக உள்ளே மடித்து, நடுவில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். (பத்திரிகைக்காரன் சொல்லக் கூடாத விஷயம்தான்; இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா?) குறுக்கு மடிப்பு நெஞ்சுக்கு நடுவே வர வேண்டாம். இடுப்புக்குக் கீழே, கால்சட்டைக்குள் போகிற பகுதியில் மடியுங்கள். அங்கே எத்தனை கோடு விழுந்தாலும் யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது? காலரின் வட்டத்துக்குள் பெல்ட்டைச் சுருட்டி வைத்தால் காலர் நிமிர்ந்தபடியே வந்து சேரும். டையை மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி அதே வட்டத்தில் உட்கார வைக்கலாம்.

இனிமேல் கதாநாயகன்: கோட்டு. அதன் ஒரு தோளை மட்டும் உள்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். மற்றத் தோளை அப்படியே எடுத்துத் திருப்பிய தோளுக்குள் செருகுங்கள். இப்போது கோட்டு நீளவாக்கில் பாதியாகிவிட்டது. உள்துணி வெளியே, மேல்துணி உள்ளே பத்திரம். தோள் பஞ்சு ஒன்றுக்குள் ஒன்று கிண்ணம் மாதிரி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு பூந்துவாலையைச் சுருட்டி வைத்து அதன் மேல் ஒரே ஒரு வளைவு. அவ்வளவுதான். சலவைக் கடையில் கொடுக்கும் மெல்லிய பாலிதீன் உறைக்குள் இதைப் போட்டால் இன்னும் நல்லது. துணியும் துணியும் உரசிச் சிக்கிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் ஊர் போய்ச் சேர்ந்ததும் உறையைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே ஈரம் தங்கிவிடும்.

கடைசியாக ஒரு சங்கதி. பெட்டி பிதுங்கவும் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது. பிதுங்கினால் நசுங்கும். காலியாக இருந்தால் துணிகள் உள்ளே உருண்டு தாமாகவே கசங்கும். ஆங்காங்கே உள்ள சந்துகளில் பனியன், கைக்குட்டை, துண்டு இவற்றைச் சுருட்டித் திணியுங்கள். சாதாரண உடைகளுக்குச் சுருட்டல். சபைக்குப் போகும் உடைகளுக்கு வளைவு.

எல்லாம் முடிந்து மூடப் போகும் சமயத்தில் அக்காள் ஒரு பெரிய டப்பாவோடு வந்தாள்.

"முறுக்கும் கடலைமிட்டாயும் இருக்கு. இதை எங்கேடா வைக்கிறது?"

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அதை மறுக்க எனக்கு என்ன அதிகாரம்? ஆனாலும் எண்ணெயும் வெல்லப்பாகும் கோட்டுக்குச் சத்துருக்கள். டப்பாவுக்குத் தனிப் பை கொடுத்தோம். தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.ஸி.யிலும் ஒருவருக்கு 40 கிலோ வரை இலவசமாகக் கொண்டு போகலாம் என்பது ரயில்வே விதி. அக்காள் அந்த விதியின் எல்லையைத் தொட்டுப் பார்த்தாள்.

கிருஷ்ணையிலிருந்து சம்பல் வரை

சென்னை சென்ட்ரலிலிருந்து புதுடில்லிக்குச் சுமார் 2,180 கிலோமீட்டர். 1976-ல் விடப்பட்ட தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், இரவு பத்து மணி வாக்கில் புறப்பட்டால் இரண்டு இரவும் ஒரு பகலும் ஓடி, மூன்றாம் நாள் காலையில் கொண்டு சேர்க்கிறது. நாங்கள் அதில்தான் ஏறினோம். பெட்டியைக் கீழ் பெர்த்துக்கு அடியில், கோட்டு இருக்கும் பக்கம் மேலே வரும்படி படுக்க வைத்தோம்.

எதிர் பெர்த்தில் ஒரு தாயும் மகளும். ஆரணிக்காரர்கள். பெண்ணுக்கும் அதே தோல்பூர் மாளிகையில், எங்களுக்கு மறுநாள் நேர்முகம். அந்த அம்மாள் கையில், பழைய வேஷ்டித் துணி சுற்றிய நீளமான குழல் ஒன்று இருந்தது. வரைபடமோ, புல்லாங்குழலோ என்று நினைத்தேன்.

"சேலைங்க" என்றார் அந்த அம்மாள். "எங்க வீட்டுத் தறியிலே நெய்தது. மடிச்சு வெச்சா மடிப்பிலே கோடு விழுது. தறியிலே சேலை மடிச்சா வருது? உருளையிலே சுத்திக்கிட்டுத்தானே வருது? அதான், அட்டைக் குழல்லே சுத்திட்டேன்."

எவ்வளவு எளிய யோசனை, பாருங்கள்! புடைவையை அகலவாக்கில் நாலாக மடித்து, துணி சுற்றிய அட்டைக் குழலில் தளர்வாகச் சுற்றி, மேலே மெல்லிய பருத்தித் துணியால் உறை போட்டிருந்தார். பட்டைப் பற்றி அந்த அம்மாள் சொன்ன மற்றக் குறிப்புகளையும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்காகக் குறித்துக்கொண்டேன். பட்டின் மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். சொட்டுச் சொட்டாகக் கறை நிற்கும். வாசனைத் திரவியமும் அந்துருண்டையும் ஜரிகையில் படவே கூடாது, கறுத்துப் போகும். புடைவையில் ஊசி குத்தியபடி வைக்காதீர்கள். அலமாரியில் மாதக் கணக்கில் இருக்கும் பட்டை அவ்வப்போது எடுத்து மடிப்பை மாற்றிப் போடுங்கள். ஒரே கோட்டில் மடிந்தே இருந்தால் அந்தக் கோட்டில்தான் கிழியும்.

விடிவதற்குள் கிருஷ்ணா நதிப் பாலம் தடதடவென்று கடந்து போயிற்று. அதை அடுத்து விஜயவாடா. காலை வெளிச்சத்தில் வாரங்கல். ராமகுண்டம் தாண்டியதும் அகலமான கோதாவரி. கடற்கரை ஈரம் போய், காற்று காய ஆரம்பித்தது, உதடு வறண்டது. ஆனால் பெட்டிக்குள்ளே மூடி வைத்தது சென்னைக் காற்று அல்லவா? ஈரத்தோடு மூடியிருந்தால் ஈரத்தோடேயேதான் டில்லிக்கும் போயிருக்கும். இஸ்திரிப் பெரியவரை மனசுக்குள் வாழ்த்தினேன்.

மத்தியானம் நாகபுரி. பெட்டி முழுவதும் ஆரஞ்சு மணம். பையன் பழத்தை உரிக்கவே இல்லை. தலைக்கு மேலே இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். நடு நடுவே கீழே குனிந்து பெட்டியைத் தொட்டுப் பார்ப்பான்.

"திறந்து பார்க்கட்டுமா மாமா?"

"வேண்டாம். திறந்தால் கலையும்."

அக்காளிடமிருந்து போன் வந்தது. "கோட்டு எப்படி இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. "சாப்பிட்டானா?" என்பது இரண்டாவது.

சாயங்காலம் பக்கத்தில் ஒருவருடைய தண்ணீர்ப் பாட்டில் கவிழ்ந்து, தண்ணீர் பெர்த்துக்கு அடியில் ஓடியது. பையன் முகம் வெளுத்துவிட்டது. பெட்டியைத் தூக்கிப் பார்த்தோம். வெளியே நனைந்திருந்தது, உள்ளே பாலிதீன் உறை இருந்த தைரியத்தில் வெளிப்புறத்தைத் துடைத்து, மேல் பெர்த்தில் ஏற்றி வைத்துவிட்டோம்.

இட்டார்சிக்குப் பிறகு நர்மதை, இரவில் போபால். அதற்குப் பிறகு எல்லோரும் தூங்கிப் போனார்கள். குவாலியருக்கும் ஆக்ராவுக்கும் நடுவில் சம்பல் நதியைக் கடந்ததும் ஒரு சிறிய ஸ்டேஷன் வரும். இருட்டில் அதன் பெயரைப் படிக்க விழித்திருந்தேன். தோல்பூர்! ஒரு காலத்தில் தனி சமஸ்தானம். இந்த ஊர் மன்னர் டில்லியில் கட்டிக்கொண்ட மாளிகைதான், பின்னால் அரசாங்கத்துக்கு வந்து, தேர்வாணையத்தின் அலுவலகமாகி, நாடு முழுவதும் இளைஞர்களின் கனவில் வரும் 'தோல்பூர் ஹவுஸ்' ஆனது. மன்னரும் இல்லை, சமஸ்தானமும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பையனை எழுப்பிக் காட்டலாம் என்று பார்த்தேன். நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். விட்டுவிட்டேன்.

டில்லிக் குளிரும் வெந்நீர் ஆவியும்

நேர்முகத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேரும்படி டிக்கெட் எடுத்திருந்தோம். உடைக்கும் ஓர் இரவு ஓய்வு வேண்டும், உடம்புக்கும் வேண்டும். குளிர்காலத்தில் வடக்கே மூடுபனி இறங்கினால் ரயிலோ விமானமோ சொன்ன நேரத்துக்கு வரும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

விமானத்தில் போகிற நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்நாட்டு விமானங்களில் சாதாரணமாகப் பெட்டிக்கு 15 கிலோ, கையோடு 7 கிலோ என்பது கணக்கு. முக்கியமான உடையைக் கைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால், எவ்வளவு அழகாக மடித்திருந்தும் பிரயோஜனம் இல்லை. கோட்டை உட்புறம் வெளியே தெரிய மடித்து, எல்லோரும் தங்கள் பெட்டிகளை வைத்து முடித்த பிறகு அவற்றின் மேலே வையுங்கள்.

கரோல்பாக்கில் ஒரு விடுதியில் இறங்கினோம். தமிழர்கள் வெகு காலமாகக் குடியிருக்கும் பகுதி அது. ஒட்டினாற்போல் பழைய ராஜேந்திர நகர். அங்கே தடுக்கி விழுந்தால் பயிற்சி நிலையத்தில்தான் விழ வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் முதல் காரியம், பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்து மாட்டியது. இரண்டு நாள் பிரயாணம் செய்திருந்தது. பின்பக்கம் வளைவு இருந்த இடத்தில் லேசாக ஒரு நிழல், அவ்வளவுதான்.

குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி நிரம்பியதும், தண்ணீர் தெறிக்காத இடத்தில் கோட்டை மாட்டிக் கதவைச் சாத்தினோம். கால் மணி நேரம். பிறகு வெளியே எடுத்துக் கையால் மேலிருந்து கீழே தடவிவிட்டுக் காற்றாட விட்டோம். ஈரம் காயும் முன்னே போட்டுக்கொண்டால், உட்காருகிற இடத்திலெல்லாம் புதுச் சுருக்கம் விழும். ஆகவே பொறுமை வேண்டும். கம்பளிக்கு இந்த வைத்தியம் முக்கால்வாசி போதும். பருத்திச் சட்டைக்குப் போதாது.

சட்டைக்கு டில்லியிலும் ஒரு பெரியவர் கிடைத்தார். குடியிருப்புத் தெருக்களில் மரத்தடியிலோ மாடிப்படிக்கு அடியிலோ மேஜை போட்டுக்கொண்டு, கனமான கரிப்பெட்டியோடு நிற்கும் 'பிரஸ்வாலா'வைப் பார்க்காமல் டில்லியில் ஒரு நாள் நடக்க முடியாது. அவருக்குப் பின்னால் ஒரு கயிற்றில் வரிசையாகக் கருநீலக் கோட்டுகள், வெள்ளைச் சட்டைகள், துண்டுச் சீட்டில் எண்கள். எந்தப் பிள்ளை எந்த மாநிலமோ! எல்லாக் கோட்டுகளும் ஒரே மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கின.

நான் என் அரைகுறை ஹிந்தியை எடுத்து விடுவதற்குள் அவர் எங்கள் சட்டையைப் பார்த்து, "இன்டர்வியூ?" என்றார். தேய்த்து முடித்ததும் அதை மடிக்கவில்லை. ஒரு ஹேங்கரில் மாட்டிக் கொடுத்து, சைகையால் ஒன்று சொன்னார்: 'ஆறட்டும்.'

வேப்ப மரத்தடிப் பெரியவரும் இவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஷாஜஹான் சாலை

மறுநாள் காலை தோல்பூர் மாளிகைக்குப் போனோம். இந்தியா கேட்டுக்கு அருகே, மரங்கள் நிழல் விரித்த அகலமான சாலை. ஆட்டோக்களிலிருந்து இறங்கும் இளைஞர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விவரம் தெரிந்தவர்கள் கோட்டைக் கையில் வைத்திருந்து, இறங்கிய பிறகு போட்டுக்கொண்டார்கள். போட்டுக்கொண்டே வந்தவர்களின் முதுகில் ஆட்டோவின் சீட்டு தன் கையெழுத்தைப் போட்டிருந்தது. நீங்களும் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: வாகனத்தில் உட்காரும்போது கோட்டைக் கழற்றிவிட வேண்டும், நாற்காலியில் உட்காரும்போது பொத்தானைக் கழற்றிவிட வேண்டும்.

பையன் கோட்டைப் போட்டுக்கொண்டான். நான் சுற்றி வந்து பார்த்தேன். ஒரு கோடு இல்லை.

"வரேன் மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

வெளியே நடைபாதையில் என்னைப் போலவே பல பேர் காத்திருந்தார்கள். ஒரு பஞ்சாபித் தாத்தா ஜபம் செய்தார். ஒரு தாயார் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே மடியில் வைத்திருந்தார். உள்ளே ஒரு தலைவரும் நாலு உறுப்பினர்களும் சுமார் அரை மணி நேரம் பேசப் போகிறார்கள். அவர்கள் தேடுவது விழிப்பான மனம், தெளிவான பேச்சு, நிதானமான தீர்ப்பு, நேர்மை என்று தேர்வாணையமே சொல்கிறது. உடைக்கு மதிப்பெண் கிடையாது. அப்படியிருக்க, ஒரு கோட்டுக்காகக் கோவில்பட்டியிலிருந்து டில்லி வரை இத்தனை பாடு எதற்கு என்று எனக்கே தோன்றியது.

பிற்பகலில் பையன் வெளியே வந்தான்.

"என்னடா கேட்டாங்க?"

"தீப்பெட்டித் தொழிலைப் பத்திக் கேட்டாங்க மாமா. கரிசல் மண்ணு, மழை, அங்கன்வாடி... அம்மா வேலையைப் பத்தித்தான் ரொம்ப நேரம். நல்லாப் பேசினேன்னு நினைக்கிறேன்."

"கோட்டு சௌகரியமாக இருந்ததா?"

அவன் குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டான். "கோட்டா? போட்டிருக்கேங்கிறதே மறந்துபோச்சு."

என் கேள்விக்கு அதில் விடை இருந்தது. கசங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு சபையில் உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியும். மனத்தில் ஒரு மூலை அந்தச் சுருக்கத்தையே தடவிக்கொண்டிருக்கும். கை தானாகக் காலருக்குப் போகும். நல்ல உடை என்பது போட்டுக்கொண்டவனுக்கு மறந்து போக வேண்டும். அந்த அரை மணி நேரம் முழுவதும் அவனுக்குச் சொந்தமாக இருந்தது. அக்காளின் சீட்டுப் பணம் வாங்கிக் கொடுத்தது அதைத்தான்.

அக்காளுக்குப் போன் செய்தோம். வழக்கம் போல் கோட்டைப் பற்றிக் கேட்டாள். "கசங்கலை அம்மா" என்றான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

இதை எழுதும்போது முடிவு வெளிவரவில்லை. திரும்பி வரும்போதும் கோட்டை அதே மாதிரிதான் மடித்து வைத்தோம். அழுக்குத் துணிகளை மட்டும் தனிப் பையில் போட்டோம். ஆரணிப் பெண்ணை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அவள் புடைவையும் குழலிலிருந்து பளபளவென்று இறங்கியிருக்கும். அவளுக்கும் நல்ல சேதி வரட்டும்.

உங்களில் யாருக்காவது இந்த வாரம் பிரயாணம் இருக்கிறதா? அப்படியானால் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு, முதலில் துணிகளை இஸ்திரிக்கு அனுப்புங்கள். இன்றைக்கே அனுப்பினால்தான் இரவு முழுவதும் ஆறும்.